'ஏன்' சொல்லிக் கொடுத்தவர்: ரான் மவ்ரி பற்றித் தாமதமாக ஒரு மதிப்பீடு

2020ல் ரான் மவ்ரி இறந்த செய்தி வந்தபோதே இதை எழுதியிருக்க வேண்டும். அப்போது நாலு பத்தி எழுதி வைத்தேன். படித்துப் பார்த்தால் எல்லாரும் எழுதுகிற இரங்கல் மாதிரியே இருந்தது: மாமேதை, ஈடு செய்ய முடியாத இழப்பு, இத்யாதி. அழித்துவிட்டேன். அதற்குப் பிறகு அவர் சொன்னதை வைத்து மதுரை வெயிலில் நானே பல தடவை செய்து பார்த்து, பாதிக்கு மேல் சொதப்பி, இப்போதுதான் அவரைப் பற்றிச் சொல்ல எனக்கு ஏதோ இருக்கிறது என்று தோன்றுகிறது. அதனால் இது இரங்கல் குறிப்பாகத் தொடங்கினாலும் கொஞ்சம் விமர்சனமாகவும் போகும். அவர் இருந்திருந்தால் விமர்சனப் பகுதியைத்தான் முதலில் படித்திருப்பார் என்று நினைக்கிறேன்.

யார் இவர் என்று கேட்பவர்களுக்கு: ரான் மவ்ரி அமெரிக்காவில் ராச்சஸ்டர் நகரத்துக் கோடக் கம்பெனியில் முப்பது வருடங்களுக்கு மேல் வேலை பார்த்த எமல்ஷன் பொறியாளர். ஓய்வு பெற்ற பிறகு, வீட்டிலேயே ஃபோட்டோ ஃபிலிமும் பிரிண்ட் பேப்பரும் தயாரிக்க விரும்புகிறவர்களுக்குச் சொல்லிக் கொடுப்பதையே முழுநேர வேலையாக எடுத்துக்கொண்டார். ராச்சஸ்டரில் உள்ள ஜார்ஜ் ஈஸ்ட்மன் அருங்காட்சியகத்திலும் மொன்டானாவிலும் பயிற்சி வகுப்புகள் எடுத்தார். எமல்ஷன் தயாரித்தல், பூசுதல், சோதித்தல் பற்றி ஒரு கையேடு எழுதி, செய்முறை டிவிடியோடு வெளியிட்டார். இணையத்தில் யார் என்ன கேட்டாலும் பதில் சொன்னார். ஆயிரக்கணக்கான பதில்கள்.

இதில் என்ன பெருசு என்று கேட்கலாம். அதைச் சொல்ல ஃபிலிமுக்குள்ளே என்ன இருக்கிறது என்று முதலில் பார்க்க வேண்டும்.

பனங்கற்கண்டும் ஃபிலிமும்

ஃபிலிம் என்பது ஒரு பிளாஸ்டிக் பட்டையின் மேல் பூசிய ஜெலட்டின். அந்த ஜெலட்டினுக்குள் சில்வர் புரோமைடு படிகங்கள், கொஞ்சம் அயோடைடு சேர்ந்து, கண்ணுக்குத் தெரியாத அளவில் மிதந்து கொண்டிருக்கும். சில்வர் நைட்ரேட் கரைசலை, பொட்டாசியம் புரோமைடு கலந்த வெதுவெதுப்பான ஜெலட்டினில் ஊற்றினால் இந்தப் படிகங்கள் உருவாகும். இதைப் பள்ளிக்கூட லேபில்கூடச் செய்யலாம். பால் மாதிரி வெள்ளையாகத் திரண்டு வரும். அந்தப் பாலைப் பூசிக் காயவைத்து கேமராவில் போட்டால் ஏறக்குறைய எதுவும் பதிவாகாது. பிரச்சினை அங்கேதான் ஆரம்பிக்கிறது.

படிகம் எவ்வளவு பெரிதோ அவ்வளவு ஒளியைப் பிடிக்கும். பெரிய படிகம் வேண்டுமென்றால் அதை வளர விட வேண்டும். பனங்கற்கண்டு காய்ச்சுவதைப் பார்த்தவர்களுக்கு இது சட்டென்று புரியும். பாகைக் கலக்கிக்கொண்டே இருந்தால் பொடிச் சர்க்கரைதான் மிஞ்சும். பானையில் நூலைக் கட்டி, ஆடாமல் அசையாமல் வாரக்கணக்கில் வைத்தால் கட்டி கட்டியாகக் கற்கண்டு விளையும். எமல்ஷனிலும் அதுதான் நடக்கிறது: சின்னப் படிகங்கள் கரைந்து பெரிய படிகங்களின் மேல் படியும். இந்தப் பழுக்க வைத்தலுக்கு வெப்பம், நேரம், புரோமைடின் மிச்சம், அம்மோனியா எல்லாம் பங்கு வகிக்கும். எதைக் கூட்டினால் எது குறையும் என்று தெரிந்திருக்க வேண்டும்.

அதற்குப் பிறகு இன்னொரு அதிசயம். ஒரே செய்முறை, ஒரே அளவு, ஆனால் ஜெலட்டின் மாறினால் ஃபிலிமின் வேகம் மாறும். பல வருடம் இதற்குக் காரணம் யாருக்கும் தெரியவில்லை. 1920களின் மத்தியில் கோடக்கின் சாமுவேல் ஷெப்பர்டு கண்டுபிடித்தார்: கடுகில் காரம் தருகிற அதே வகைக் கந்தகச் சேர்மங்கள் சில ஜெலட்டின்களில் துளியூண்டு கலந்திருக்கின்றன. மாடு கடுகுச் செடியைத் தின்னும், அந்தக் கந்தகம் எலும்பிலும் தோலிலும் தங்கும், அதிலிருந்து எடுத்த ஜெலட்டினில் செய்த எமல்ஷன் வேகமாக இருக்கும். பத்து லட்சத்தில் சில பங்குதான், ஆனால் அதுதான் படம் விழுவதையும் விழாததையும் தீர்மானித்தது. 1936ல் ஆக்ஃபாவில் தங்கத்தின் உப்பைத் துளி சேர்த்து வேகத்தை இன்னும் கூட்டினார்கள். நாம் தாளிக்கிற கடுகின் காரமும் நகைக்கடைத் தங்கமும் சேர்ந்துதான் நம் தாத்தா பாட்டி கல்யாண ஃபோட்டோக்கள் பதிவாகியிருக்கின்றன.

இந்த அறிவு முழுக்கத் தொழிற்சாலைகளுக்குள்ளே இருந்தது. காப்புரிமை எழுத்துகளில் பாதி வெளியே வரும், மீதி வராது. புத்தகங்களில் கொள்கை இருக்கும், கை வேலை இருக்காது. எத்தனை நிமிஷம் ஊற்றுவது, எப்படிக் கிளறுவது, எப்போது குளிரவைப்பது என்கிற விஷயங்கள் அந்த இருட்டறையில் வேலை பார்த்தவர்களின் கையோடு இருந்தன. ஃபிலிம் வியாபாரம் சரிந்து அவர்கள் ஓய்வு பெற்றபோது, அதுவும் அவர்களோடு வீட்டுக்குப் போனது. மவ்ரி அதை வீட்டிலேயே வைத்துக்கொள்ளாமல் வாசலில் கொண்டுவந்து வைத்தார்.

அவர் கொடுத்தது எது?

செய்முறைகளைக் கொடுத்தார் என்றுதான் எல்லாரும் சொல்கிறார்கள். உண்மைதான். பழைய கோடக் 'ஏஸோ' வகை கான்டாக்ட் பிரிண்ட் பேப்பருக்கான எமல்ஷன், அம்மோனியா வழியில் ஒரே ஊற்றலில் செய்கிற புரோமைடு எமல்ஷன் என்று வீட்டுச் சமையலறையில் செய்யக்கூடிய வடிவில் கொடுத்தார். ஆனால் செய்முறைகளை இலவசமாகக் கொடுப்பது இந்தத் துறையில் புதுசு கிடையாது.

1871ல் ரிச்சர்ட் லீச் மேடக்ஸ் என்ற ஆங்கிலேய டாக்டர் ஜெலட்டின் உலர் தகட்டைப் பற்றி ஒரு பத்திரிகையில் எழுதினார். அதுவரை புழக்கத்தில் இருந்த கொலோடியன் முறையின் ஈதர் ஆவி அவர் உடம்புக்கு ஒத்துக்கொள்ளவில்லை. அதற்கு மாற்றாக ஜெலட்டினைப் பிடித்தார். காப்புரிமை எடுக்கவில்லை. செய்து பார்த்தது இவ்வளவு, இன்னும் முழுமையாகவில்லை, யாராவது மேலே கொண்டுபோங்கள் என்கிற தோரணையில் வெளியிட்டுவிட்டார். பின்னால் வந்த ஃபிலிம் தொழில் மொத்தமும் அதன் மேல் எழுந்தது. மேடக்ஸ் அதில் பணம் பார்க்கவில்லை. அதற்கும் முன்னால், ஹைப்போ வெள்ளி உப்பைக் கரைக்கும் என்று 1819லேயே கண்டறிந்திருந்த ஜான் ஹெர்ஷல், 1839ல் அதை வைத்துப் படத்தை நிலைப்படுத்தலாம் என்று கேட்டவர்களுக்கெல்லாம் சொன்னார். கோடக்கே 1920களில் டி-76 டெவலப்பரின் அளவுகளை வெளியிட்டது: ஒரு லிட்டருக்கு மெட்டால் 2 கிராம், ஹைட்ரோகுவினோன் 5 கிராம், சோடியம் சல்ஃபைட் 100 கிராம், போராக்ஸ் 2 கிராம். அதை வைத்து உலகம் முழுக்க ஸ்டுடியோக்கள் ஓடின, மதுரை உட்பட.

ஆக, செய்முறை கொடுத்தவர்கள் வரிசையில் மவ்ரி கடைசியாக வந்தவர், அவ்வளவுதான். அவரைத் தனியாக நிறுத்துவது அவர் பதில் சொன்ன விதம். யாராவது 'இதில் எத்தனை கிராம் போடணும்?' என்று கேட்டால், எந்த ஜெலட்டின், எவ்வளவு நேரம் ஊற்றினாய், எத்தனை டிகிரி, எப்படிக் கழுவினாய் என்று பதில் பின்னோக்கிப் போகும். கேட்டவருக்குச் சில சமயம் எரிச்சலாக இருந்திருக்கும். ஆனால் அந்தக் கேள்விகளை வரிசையாகப் படித்துக்கொண்டே வந்தால், எமல்ஷன் என்ற இயந்திரத்தின் எந்தத் திருகு எதோடு இணைந்திருக்கிறது என்கிற வரைபடம் நம் மனதில் தானாகவே விழுந்துவிடும்.

எங்கள் வேலையில் இதற்கு ஒரு ஒப்பீடு சொல்லலாம். ஒரு கோடை அப்படியே நகலெடுத்து ஒட்டினால் இன்றைக்கு ஓடும். அது ஏன் ஓடுகிறது என்று தெரியாவிட்டால் நாளைக்கு ஒரு வெர்ஷன் மாறும்போது கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டியதுதான். மவ்ரி, உடையும்போது எங்கே பார்க்க வேண்டும் என்று சொல்லிக் கொடுத்தார்.

இன்னொன்று, சோதனை. அவர் கையேட்டின் தலைப்பிலேயே 'சோதித்தல்' ஒரு பங்கு. படம் அழகாக வந்துவிட்டது என்பதை அவர் ஆதாரமாக ஏற்கவில்லை. படிப்படியாக அடர்த்தி கூடும் ஒரு பட்டையை வைத்து ஒளி காட்டு, அளந்து, வளைகோடு போட்டுக் காட்டு என்பார். பொழுதுபோக்குக்காக இதற்குள் வந்தவர்களுக்கு இது கசப்பு மருந்து. எனக்குப் பிடித்தது இதுதான்.

மே மாதம், எல்லிஸ் நகர்

சரி, நம்மூருக்கு வருவோம்.

மவ்ரி சொன்னபடி எமல்ஷன் செய்ய முதலில் முயன்றது ஒரு மே மாதம். வேறு விடுமுறை கிடைக்கவில்லை. மொட்டை மாடி பாத்ரூமை டார்க்ரூமாக மாற்றி, ஜன்னலுக்குக் கறுப்பு ரெக்ஸின் அடித்து, சிவப்பு பல்பு போட்டுக்கொண்டேன். கலக்கல் எல்லாம் நன்றாகவே போனது. கண்ணாடித் தகட்டில் ஊற்றினேன். இப்போது அது உறைய வேண்டும். உறையவே இல்லை.

ஜெலட்டின் சுமார் முப்பது டிகிரிக்குக் கீழே போனால்தான் ஒழுங்காகக் கெட்டியாகும். என் பாத்ரூமில் இரவு பத்து மணிக்கு 34 டிகிரி. தகட்டைச் சாய்த்ததும் மொத்த எமல்ஷனும் ரசம் மாதிரி ஒரு மூலைக்கு ஓடி வழிந்தது. அந்த நேரம் பார்த்து கரண்டும் போனது. டார்க்ரூமில் இருப்பவன் கரண்ட் போனதற்கு வருத்தப்படக் கூடாது என்று சொல்வார்கள். ஃபேனும் நின்று போனால் அந்தத் தத்துவம் எடுபடாது. விரலெல்லாம் சில்வர் நைட்ரேட் பட்டு மறுநாள் கறுத்துப்போய், ஆபீஸில் ஆளாளுக்கு என்ன ஆச்சு என்று விசாரித்தார்கள்.

இங்கேதான் மவ்ரியிடம் முதல் குறை கண்டேன். அவருடைய உலகத்தில் குளிர் இலவசம். ராச்சஸ்டரில் குழாய்த் தண்ணீர் தானே குளிர்ந்து வரும். தகட்டைக் குளிர்ந்த பரப்பில் வைத்து உறையவிடு என்பது அவருக்கு ஒரு வரி. எனக்கு அது மூன்று வாரப் போராட்டம். கடைசியில் ஒரு கிரானைட் பலகையின் அடியில் ஐஸ் டிரே வைத்து, ஓரங்களைத் துணியால் மூடி, அதன் மேல் தகட்டை வைத்தேன். உறைந்தது. ஆனால் பலகையின் மேல் காற்றின் ஈரம் வியர்த்து, தகட்டின் அடியில் தண்ணீர் கோத்துக்கொண்டது. அதற்கு இன்னொரு வாரம்.

எமல்ஷன் வரைக்கும் போகாமல் வெறுமனே ஃபிலிம் கழுவுபவர்களுக்கும் இதே கதைதான். ஃபிலிம் டப்பாவிலும் டெவலப்பர் பாக்கெட்டிலும் 20 டிகிரி என்று போட்டிருக்கும். மேல்தொட்டித் தண்ணீர் வெயில் காலத்தில் அதற்குப் பக்கத்தில்கூட வராது. 20 டிகிரியில் பத்து நிமிஷம் என்றால் 24ல் ஏழு நிமிஷம். 30க்கு மேல் போனால் நேரம் இன்னும் சுருங்கி, ஊற்றி எடுப்பதற்குள் திட்டுத் திட்டாகிவிடும். ஜெலட்டின் ஊதி, ஓரம் சுருண்டு, சில சமயம் வெடிப்பு விழும். வெப்ப நாடுகளுக்கான பழைய வழி, டெவலப்பரில் லிட்டருக்குச் சுமார் 100 கிராம் உலர்ந்த சோடியம் சல்ஃபேட் சேர்ப்பது (சல்ஃபைட் வேறு, சல்ஃபேட் வேறு, குழப்பிக்கொள்ள வேண்டாம்). அது ஜெலட்டின் ஊதுவதைத் தடுக்கும், டெவலப் ஆவதையும் மெதுவாக்கும். நேரத்தை உங்கள் தண்ணீரில் நீங்களே சோதித்துத்தான் குறிக்க வேண்டும். ஒரு காலத்தில் மதுரை ஸ்டுடியோக்களில் இருட்டறையில் வேலை பார்த்தவர்களுக்கு இதெல்லாம் கைப்பழக்கமாக இருந்திருக்கும். எனக்கு ராச்சஸ்டரிலிருந்து தொடங்கிச் சுற்றி வளைத்து வர வேண்டியிருந்தது.

ஆனால் இதையும் சொல்ல வேண்டும். அந்த ஐஸ் பலகை யோசனைக்கு நான் வந்ததே அவர் 'ஏன்' சொல்லிக் கொடுத்ததால்தான். பூசியபின் உறைய வைப்பது எதற்கு? படிகங்கள் அடியில் படியாமல் இருந்த இடத்திலேயே நிற்பதற்கு. பூச்சு காயும்போது ஒரே கனமாக இருப்பதற்கு. இது தெரிந்திருந்ததால் எதைச் சரிசெய்ய வேண்டும் என்று தெரிந்தது. செய்முறை மட்டும் கையில் இருந்திருந்தால் 'நம்மூருக்கு இது ஆகாது' என்று மூட்டை கட்டியிருப்பேன்.

ஒரு எச்சரிக்கை, இதைப் படித்துவிட்டு யாராவது இறங்கினால்: அம்மோனியா சேர்த்த சில்வர் நைட்ரேட் கரைசலை ஒருபோதும் மிச்சம் வைத்துச் சேமிக்காதீர்கள். நாள்பட்டால் வெடிக்கக்கூடிய சேர்மம் உருவாகும். கலந்த அன்றைக்கே பயன்படுத்திவிட வேண்டும்.

மற்ற குறைகள்

இரண்டாவது குறை, சிதறல். அவர் சொன்னதில் பெரும்பகுதி துண்டு துண்டான பதில்கள். ஒரே விஷயத்தை இருபது இடத்தில் இருபது விதமாகச் சொல்லியிருப்பார். கேட்டவருக்கேற்ப அழுத்தம் மாறும். கையேடு இதைக் கோர்க்கிறது, ஆனால் அதைப் படிப்பவர் ஏற்கெனவே பாதி தெரிந்தவராக இருக்க வேண்டும். அவர் மதித்த தலைமுறையைச் சேர்ந்த கிரான்ட் ஹைஸ்ட் 1979ல் ஃபோட்டோ ரசாயனம் பற்றி எழுதிய இரண்டு பெரிய தொகுதிகளில் இருக்கிற கட்டுக்கோப்பு மவ்ரியிடம் இல்லை. ஹைஸ்டிடம் இல்லாத ஒன்று, தரையில் வழிந்ததைத் துடைத்த அனுபவம், மவ்ரியிடம் இருந்தது.

மூன்றாவது, ரகசியம். கம்பெனிக்குக் கொடுத்த வாக்கைக் காரணம் காட்டிச் சில விஷயங்களைச் சொல்ல மறுத்தார். நவீன கலர் ஃபிலிமின் உள் நுட்பங்கள் எல்லாம் அந்தப் பக்கம். 2012 ஜனவரியில் கோடக் திவால் பாதுகாப்புக் கேட்டு நீதிமன்றம் போன பிறகும் அவர் அந்த வாக்கை மீறவில்லை. முதலில் எனக்கு இது ஆத்திரமாக இருந்தது. யாருக்காக இந்த விசுவாசம்? பிறகு யோசித்தால், நானும் ரகசிய ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டுத்தான் சம்பளம் வாங்குகிறேன். அவர் எல்லையைத் தெளிவாகச் சொன்னார்: இது வரைக்கும் சொல்வேன், இதற்கு மேல் சொல்ல மாட்டேன். மழுப்பவில்லை. இருந்தாலும் ஒரு வாசகனாக என் கணக்கில் இது நஷ்டம்தான். அந்தப் பகுதியை அவரிடமிருந்து இனி யாரும் கேட்க முடியாது.

நான்காவது அவர் குறை கூட இல்லை, நம்முடையது. 'மவ்ரி சொன்னார்' என்பது ஒரு கட்டத்தில் வாதத்தை முடிக்கிற ஆயுதமாகிவிட்டது. அளந்து காட்டு என்று வாழ்நாள் முழுக்கச் சொன்னவரின் பெயரை அளக்காமல் இருப்பதற்குப் பயன்படுத்தினோம்.

ஊட்டி

இப்போது நான் எழுதத் தயங்கிய பகுதி.

இத்தனையும் ஏதோ அமெரிக்க வித்தை என்கிற மாதிரி எழுதிக்கொண்டு வந்தேன். ஆனால் இதே வேலை மதுரையிலிருந்து ஒரு ராத்திரி பஸ் பயணத் தூரத்தில் நடந்துகொண்டிருந்தது. ஊட்டியில் ஹிந்துஸ்தான் ஃபோட்டோ ஃபிலிம்ஸ், மத்திய அரசு நிறுவனம். 1960ல் தொடங்கப்பட்டு, பிரான்சின் போஷே கம்பெனியின் தொழில்நுட்ப உதவியோடு 1967ல் உற்பத்திக்கு வந்தது. குளிர், தூசியில்லாத காற்று, நல்ல தண்ணீர் என்று பார்த்துத்தான் நீலகிரியைத் தேர்ந்தெடுத்தார்கள். நான் ஐஸ் டிரே வைத்துப் போராடியதை அவர்கள் மலையைத் தேர்ந்தெடுத்ததிலேயே தீர்த்துவிட்டார்கள்.

'இந்து' என்ற பெயரில் அவர்களுடைய கறுப்பு வெள்ளை ரோல் ஃபிலிமும் பிரிண்ட் பேப்பரும் ஸ்டுடியோக்களுக்கு வந்தன. சினிமாவுக்குப் பாசிட்டிவ் ஃபிலிம், ஆஸ்பத்திரிகளுக்கு எக்ஸ்ரே ஃபிலிம். தொழிற்சாலையைச் சுற்றி எழுந்த குடியிருப்புக்கே இந்து நகர் என்று பெயர். 1990களில் நலிந்த நிறுவனங்கள் பட்டியலுக்குப் போனது. கலர் வந்து கறுப்பு வெள்ளையைத் தின்றது, பிறகு டிஜிட்டல் வந்து எல்லாவற்றையும் தின்றது. 2010களில் விருப்ப ஓய்வு கொடுத்து மூடும் நிலைக்கு வந்தார்கள்.

அந்த நிறுவனத்தின் நிதி, நிர்வாகம், கடன் பற்றிச் செய்திகள் நிறையக் கிடைக்கும். சுவருக்குள்ளே எமல்ஷனைக் கிளறியவர் என்ன பார்த்தார், எந்தப் பருவத்தில் எந்தப் பிரச்சினை வந்தது, நம் மாட்டெலும்பு ஜெலட்டினை எப்படிச் சமாளித்தார்கள் என்று ஒருவர் உட்கார்ந்து தமிழில் எழுதிய பக்கம் ஒன்றுகூட என் கண்ணில் பட்டதில்லை.

எங்கள் அப்பாவின் நண்பர் ஒருவர் அந்தத் தொழிலில் இருந்தவர். ஃபிலிம் பூசுகிற பிரிவில் வேலை. ஓய்வுக்குப் பிறகு மதுரைக்கே வந்துவிட்டார். நான் மாமா என்று கூப்பிடுவேன். சாயங்காலம் எங்கள் வீட்டு வராந்தாவில் அப்பாவோடு உட்கார்ந்து பேசிக்கொண்டிருப்பார். இருட்டில் சுவரைத் தொட்டுக்கொண்டே நடந்து பழகியதால், கரண்ட் போனால் தெருவிலேயே தனக்குத்தான் முதலில் மெழுகுவர்த்தி கிடைக்கும் என்று சிரிப்பார். நான் ஃபிலிம் கழுவுகிறேன் என்று தெரிந்ததும் ஒருநாள் மாடிக்கு வந்து பார்த்தார். தகடு வழிந்த கதையைச் சொன்னேன்.

"தம்பி, ஜெலட்டினை எடுத்தவொடனே சுடுதண்ணில போட்டியாக்கும்?"

"ஆமா மாமா."

"பச்சத்தண்ணில ஊற வையி மொதல்ல. அரைமணி நேரம் கெடக்கட்டும். ஊறாம சூடு பண்ணுனா உள்ள கட்டி கட்டியா நின்னுக்கிடும். அப்பறம் ஒந்தண்ணி எப்படி? போர் தண்ணியா? அதப் பாருப்பா மொதல்ல."

நான் தலையாட்டினேன். உள்ளுக்குள் நினைத்தது வேறு: இதெல்லாம் சாதாரண விஷயம், எனக்கு வேண்டியது படிகம் வளர்ப்பு, மவ்ரி லெவல். அன்றைக்கு ராத்திரி இணையத்தில் உட்கார்ந்து அமெரிக்காவில் யாரோ கேட்ட கேள்விக்கு மவ்ரி சொன்ன பதிலைக் குறிப்பெடுத்துக்கொண்டிருந்தேன். முப்பது வருடம் கையால் பூசிய ஒருவர் நாலு தெரு தள்ளித் தூங்கிக்கொண்டிருந்தார்.

தண்ணீர் விஷயம் பிறகுதான் உறைத்தது. என் நெகட்டிவ்களில் வருடக்கணக்காக வந்த வெள்ளைப் புள்ளிகளும் டெவலப்பர் அடியில் தங்கிய சுண்ணாம்பு மாதிரி வண்டலும் போர் தண்ணீரின் கடினத்தன்மையால் வந்தவை. கால்சியம், டெவலப்பரில் உள்ள சல்ஃபைட்டோடு சேர்ந்து படிகிறது. கேன் தண்ணீரில் டெவலப்பர் கலந்து, கடைசி அலசலையும் அதிலேயே செய்ததும் பாதிப் பிரச்சினை போய்விட்டது. மாமா முதல் பார்வையிலேயே சொன்னது.

2021 மே மாதம் மாமா இறந்துபோனார். அப்போது இருந்த நிலைமையில் கேதத்துக்குக்கூடப் போக முடியவில்லை. சில மாதம் கழித்துப் போனபோது, அவர் வேலை பார்த்த காலத்து நோட்டுப் புத்தகங்கள் ஏதாவது இருக்கிறதா என்று கேட்டேன். ஒரு டிரங்குப் பெட்டி நிறைய இருந்ததாம். வீடு மாற்றும்போது பழைய பேப்பர்காரருக்குப் போட்டுவிட்டார்கள். அவர்கள்மேல் என்ன தப்பு இருக்கிறது? அது என்ன என்று அவரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ள எனக்கு ஆறு வருடம் இருந்தது. நான் கேட்கவில்லை.

மதிப்பீடு

இந்த இரண்டு பேரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துத்தான் மவ்ரியின் தாராளம் எனக்குச் சரியாகப் புரிந்தது. மாமாவும் தாராளமானவர்தான், கேட்டால் சொல்லியிருப்பார். கேட்காதவனுக்கும் மாடி ஏறி வந்து சொன்னார். மவ்ரி கூடுதலாகச் செய்தது, கேட்கிறவர்கள் தன்னைத் தேடி வரும்படி ஒரு இடத்தில் போய் உட்கார்ந்து, அதே கேள்வியை நூறாவது தடவை கேட்டாலும் எழுந்து போகாமல் இருந்தது. அதற்கு ஆங்கிலமும், இணையமும், ஓய்வூதியமும், பெரிய கம்பெனியின் பெயரும் துணை நின்றன. நம்மிடம் அவை குறைவு. அதனால் இங்கே கேட்கிறவன் எழுந்து போக வேண்டும். அந்த வேலை என்னுடையதாக இருந்தது.

மவ்ரியின் எழுத்தில் உள்ள குறைகளைச் சொன்னேன். அவற்றோடு சேர்த்தும் அவரைப் படிக்கச் சொல்வேன். 20 டிகிரி என்று வருகிற இடமெல்லாம் நின்று, இங்கே என்ன ஆகும் என்று ஓரத்தில் எழுதிக்கொண்டே படியுங்கள். அப்படி எழுதிய என் ஓரக் குறிப்புகள் இப்போது நாற்பது பக்கம் சேர்ந்திருக்கின்றன. முதல் பக்கத்தில் ஜெலட்டினைப் பச்சைத் தண்ணீரில் ஊறவைப்பது பற்றி இருக்கிறது.

உங்கள் வீட்டிலோ தெருவிலோ பழைய ஸ்டுடியோவின் டார்க்ரூமில் இருந்தவர், சினிமா லேபில் ஃபிலிம் கழுவியவர், எக்ஸ்ரே பிரிவில் இருந்தவர், ஊட்டியில் வேலை பார்த்தவர் யாராவது இருந்தால், இந்த ஞாயிற்றுக்கிழமை போய்ப் பேசுங்கள். பெரிய கேள்விகள் வேண்டாம். தண்ணீர் எங்கிருந்து வந்தது, வெயில் காலத்தில் என்ன செய்தீர்கள் என்று ஆரம்பியுங்கள். ஃபோனில் பதிவு செய்துகொள்ளுங்கள். நோட்டுப் புத்தகம் இருந்தால் பக்கம் பக்கமாகப் படம் எடுத்துவிடுங்கள். எனக்கு அனுப்பினால் தட்டச்சு செய்து தருகிறேன்.

அடுத்த பதிவில், மதுரையில் மூன்று இடத்துத் தண்ணீரில் ஒரே டெவலப்பரைக் கலந்து பார்த்த முடிவுகள். வளைகோடு போட்டிருக்கிறேன்.